மெனேஜர் கூப்பிட்டால் அது பூசையா, உத்தரவா?

கார்த்திகை பிறந்ததும் இலங்கை மலையகத்தில் ஹட்டன், நுவரெலியா பக்கமிருந்து எனக்கு வருகிற முதல் கேள்வி ஐயப்பன் மாலை பற்றித்தான். ஹோட்டலில் வேலை செய்கிற தம்பி மாலை போட்டிருக்கிறான், ஒரு மண்டலத்துக்குத் தாடி எடுக்க மாட்டான், செருப்புப் போட மாட்டான், மெனேஜரோ ஷேவ் பண்ணாமல் ரிசெப்ஷனில் நிற்க முடியாது என்கிறார், "சேர், இது மதச் சுதந்திரத்துக்கு எதிரானது இல்லையா?" தொழில் வழக்குகள் பார்க்கிற சட்டத்தரணியாக நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மாலை போடுவதற்கு முன்னால் எழுத்தில் சொன்னாரா? பெரும்பாலும் இல்லை. முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்து, அந்த நாட்களுக்கு விருந்தாளிகள் முன்னால் நிற்காத வேலை கேட்டால் பல இடங்களில் கொடுக்கவே செய்கிறார்கள். தாடி சமாளிக்கக்கூடிய விஷயம். வெறுங்கால் அப்படியில்லை, மெஷின் ஓடுகிற இடத்தில் வெறுங்காலோடு நிற்க விடுங்கள் என்று நான் எந்த முதலாளியிடமும் வாதாட மாட்டேன்.

தேயிலைத் தொழிற்சாலையில் கயிறு பிரச்சினையும் இதே மாதிரிதான். தூளில் நூல் விழக்கூடாது என்று கையில் கட்டியதையெல்லாம் அவிழ்க்கச் சொல்வது சுகாதார விதி, அதில் தப்பில்லை. கோயிலில் கட்டிய காப்புக் கயிற்றை மட்டும் அவிழ்க்கச் சொல்லிவிட்டு, சுப்பர்வைசர் கையில் பன்சலையில் கட்டிய பௌத்தப் பிரித் நூலைப் பார்க்காத மாதிரிப் போனால் அது பாகுபாடு.

சரி, இதெல்லாம் நமக்கு நடக்கிறவை, அதனால் கோபம் சட்டென்று வருகிறது. நாம் மற்றவர்களுக்குச் செய்வதைப் பற்றி என்னிடம் யாரும் வந்து கேட்பதில்லை. கிறிஸ்தவ மெனேஜர் ஒருவர் திங்கட்கிழமை காலையில் ஊழியர்களை ஜெபத்துக்குக் கூப்பிட்டால் மதமாற்றம் என்று ஊரே கொதிக்கிறது, ஆனால் நம் முதலாளி கடையில் வெள்ளிக்கிழமை பூசைக்கு முஸ்லிம் பையனையும் சர்ச்சுக்குப் போகிற பிள்ளையையும் கைகட்டி நிற்க வைத்தால் அது நல்ல பழக்கமாம்! விருப்பமிருந்தால் வரலாம் என்று இருவருமே சொல்லுவார்கள். இன்னும் வேலையில் நிரந்தரமாகாத பிள்ளை, தன்னை நிரந்தரமாக்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் கூப்பிடும்போது எப்படி வரமாட்டேன் என்று சொல்லும்?

தோட்டங்களில் இது சம்பளத்திலேயே இருக்கிறது. மாரியம்மன் திருவிழா வந்தால் கோயில் கமிட்டி ஒரு தொகையை முடிவு பண்ணி பட்டியலைத் தோட்டத்து ஆபீஸில் கொடுக்கும், அந்த மாதம் எல்லோர் சம்பளத்திலும் அது கழியும், பெந்தகொஸ்தே சபைக்குப் போகிற குடும்பத்தின் சம்பளத்திலும்தான். கேட்டால் "தேர் உங்க லயத்துப் பக்கமும்தானே வருது" என்பார்கள். சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் இப்படிக் கழிக்க முடியாது, கமிட்டித் தலைவர் சொல்லிவிட்டார் என்பது சம்மதம் ஆகாது. நானும் திருவிழாவுக்குக் காசு கொடுக்கிறவன்தான். ஆனால் கொழுந்து எடுத்து, கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், வாங்குகிற ஒரு அம்மாவிடமிருந்து அவர் நம்பாத சாமிக்குக் கேட்காமலே காசு எடுப்பதற்கு என்னால் எந்த நியாயமும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அமெரிக்காவில் மைதானத்தில் ஜெபம் செய்த கோச்சுக்கு உச்ச நீதிமன்றம் சார்பாகத் தீர்ப்புச் சொன்னதே என்று சிலர் வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். 2022இல் வந்த கென்னடி எதிர் பிரெமர்டன் வழக்கு அது. அரச பாடசாலையின் கால்பந்துப் பயிற்றுவிப்பாளர், ஆட்டம் முடிந்த பின் தனக்காகச் செய்த ஜெபம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் பார்த்தார்கள், மாணவர்களுக்கு அதில் நெருக்கடி இருந்தது என்று மறுத்தவர்கள் எழுதினார்கள். நம் நாட்டு நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது, ஆனால் அங்கேயும் சண்டை கீழே இருப்பவர் சுயமாக விலகி நிற்க முடிந்ததா என்பதில்தான் வந்து நின்றது.

நம் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை விரும்பிய மதத்தை வைத்திருக்கும் சுதந்திரத்தைத் தருகிறது, அதை மட்டுப்படுத்த வழியே வைக்கவில்லை. அதை வெளியில் காட்டும் சுதந்திரம் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது, பொதுச் சுகாதாரம், மற்றவர் உரிமை போன்ற காரணங்களுக்காக அதைச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம். மத அடிப்படையில் பாகுபாடு கூடாது என்பது 12ஆம் உறுப்புரை. இவற்றை வைத்து உச்ச நீதிமன்றத்துக்குப் போவதென்றால் மீறியது அரச தரப்பாக இருக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் போகவும் வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கிற காலம் கணக்கில் சேராது.

தனியார் கம்பனி, ஹோட்டல், தனியார் கையில் இருக்கிற தோட்டம் என்றால் அந்தக் கதவு திறக்காது. சம்பளத்தில் கழித்தால் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு, வேலையை விட்டு நீக்கினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபை. லீவு விஷயத்தில் இன்னொன்று: தீபாவளி பொது விடுமுறை, வங்கி விடுமுறை, ஆனால் வர்த்தக விடுமுறை கிடையாது. அதனால் கொழும்பில் கடையில் நிற்கிற பிள்ளை அன்றைக்கு ஊருக்கு வரவேண்டுமென்றால் தன் லீவில்தான் எடுக்க வேண்டும், வாரங்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்து. அரச உத்தியோகத்தில் முஸ்லிம்களின் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு நேரம் விட ஏற்பாடு இருக்கிறது. தனியாரில் அது பேசி வைத்துக்கொள்வதுதான், மதிய இடைவேளையை நீட்டி மாலையில் அந்த நேரத்தை ஈடு செய்வது நான் பார்த்தவரை பிரச்சினை இல்லாமல் போகிறது.

பூசைக்கோ ஜெபத்துக்கோ வரச்சொல்லி குரூப்பில் வந்த செய்தியை அழிக்காதீர்கள், திகதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். பணம் கழிந்த மாதத்துச் சம்பளத் துண்டும் வேண்டும். வாயால் சொன்னதை நிரூபிக்க வருகிறேன் என்று சொல்லும் கூட்டாளி விசாரணை நாளன்று போனை எடுக்க மாட்டார்.