வாக்குச்சீட்டில் நாம் தாண்டிப்போகும் கண்ட்ரோலர் பதவி

வருமான வரிக் கணக்கு பார்ப்பது என் தொழில். கலிஃபோர்னியாவில் தேர்தல் வரும் ஆண்டுகளில், ஃபைலிங் முடித்துவிட்டுக் கிளம்புகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன்: "கண்ட்ரோலருக்கு யாருக்கு ஓட்டுப் போடப் போறீங்க?" பெரும்பாலும் பதில் வராது. கவர்னர் வரைக்கும் யோசித்து யோசித்து ஓட்டுப் போடுகிறவர்கள்கூட, அதற்குக் கீழே வந்ததும் கட்சிப் பெயரைப் பார்த்து ஒரு வட்டத்தை நிரப்பிவிடுகிறார்கள். சிலர் அந்த இடத்தைக் காலியாகவே விட்டு உறையை ஒட்டிவிடுகிறார்கள். 2026 நவம்பர் 3 தேர்தலில் இந்தப் பதவி மறுபடி வருகிறது. அதற்குள் நம்மவர்கள் இதைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

நாம் வளர்ந்த ஊரில் இதற்கு இணையான தேர்தல் கிடையாது. இந்தியாவில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். மாநில நிதியமைச்சர் யார் என்பதை முதல்வர் முடிவு செய்கிறார். கலிஃபோர்னியாவிலோ மாநிலத்தின் தலைமை நிதி அதிகாரியான கண்ட்ரோலரை மக்களே நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கவர்னர் நினைத்தாலும் அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. இரண்டு முறைக்கு மேல் ஒருவர் அந்தப் பதவியில் இருக்கவும் முடியாது.

பட்ஜெட் போடுவது கவர்னரும் சட்டமன்றமும். அதைத் தயாரிக்கும் நிதித்துறை இயக்குநர் கவர்னர் நியமித்தவர். கடன் பத்திரம் வெளியிடுவதும் கையிருப்பை முதலீடு செய்வதும் ட்ரெஷரர் வேலை. அவரும் தனியே தேர்ந்தெடுக்கப்படுகிறார். கண்ட்ரோலர், பணம் வெளியே போகும் வாசலில் நிற்பவர். மாநில ஊழியர்களின் சம்பளம், ஒப்பந்தக்காரர்களின் பில், உங்கள் வரி ரீஃபண்ட் எல்லாம் அவர் அலுவலகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். செலவழித்த பணத்தைத் தணிக்கை செய்வதும், ஆண்டு நிதி அறிக்கையை வெளியிடுவதும் அவரே. மாநில வருமான வரியை வசூலித்து, நமக்கு அவ்வப்போது நோட்டீஸ் அனுப்பும் ஃபிராஞ்சைஸ் டாக்ஸ் போர்டின் தலைவரும் அவர்தான். அரசு ஊழியர்களுக்கான கால்பெர்ஸ், ஆசிரியர்களுக்கான கால்ஸ்டர்ஸ் ஆகிய இரண்டு பெரிய ஓய்வூதிய நிதிகளின் வாரியத்திலும் அவருக்கு ஓர் இடம் உண்டு.

இவ்வளவு சொல்லியும் "அதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்பவர்களிடம், அவர்கள் பெயரையே ஒருமுறை கண்ட்ரோலர் அலுவலக இணையதளத்தில் தேடிப் பார்க்கச் சொல்வேன். உரிமை கோரப்படாத சொத்து என்று 10 பில்லியன் டாலருக்கு மேல் அந்த அலுவலகம் வைத்திருக்கிறது. மறந்துபோன வங்கிக் கணக்கு, மாற்றாத செக், பாதுகாப்புப் பெட்டகத்தில் விட்ட நகை, பழைய கம்பெனியில் வாங்கிய ஷேர் எல்லாம் அதில் அடக்கம். பொதுவாக மூன்று ஆண்டுகள் நீங்கள் தொடர்பிலேயே இல்லாவிட்டால், அந்தச் சொத்தைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம் அதை மாநிலத்திடம் ஒப்படைத்தாக வேண்டும். சம்பள பாக்கி என்றால் ஓர் ஆண்டுதான்.

என்னிடம் வரும் ஒரு தம்பி, வேலை மாறிப் பல வருடம் கழித்து, "அக்கா, முதல் கம்பெனியில வாங்கின ஷேர் எந்தக் கணக்குல இருக்குன்னே தெரியல" என்றார். பழைய அபார்ட்மென்ட் முகவரிக்குக் கடிதங்கள் போய்த் திரும்பியிருக்கின்றன. அவருடைய பெயரில் சுருக்கமாகத் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் இருந்ததால், முதலில் தேடியபோது ஒன்றுமே வரவில்லை. குடும்பப் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் அவருடைய சொந்தப் பெயரைப் போட்டுத் தேடினோம், வந்தது. ஆனால் ஷேராக வரவில்லை. மாநிலத்திடம் வந்த ஷேரை ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு விற்றுவிடலாம் என்று சட்டம் சொல்கிறது. விற்ற அன்றைக்கு என்ன விலையோ அந்தப் பணம்தான் கிடைக்கும். அதற்குப் பிறகு அந்த ஷேர் ஏறிய ஏற்றம் அவருக்கு இல்லை.

நம் பெயர்களில் இந்தச் சிக்கல் அதிகம். ஒரு வங்கியில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக, பாஸ்போர்ட்டில் வேறு வரிசை, சுப்பிரமணியனுக்கு நாலு ஸ்பெல்லிங். அத்தனை விதமாகவும் தேடுங்கள். மனைவி பெயர், ஊர் திரும்பிவிட்ட நண்பர்கள் பெயர், இங்கே வந்து தங்கி ஒரு கணக்குத் திறந்த பெற்றோர் பெயர் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். திரும்பக் கேட்பதற்குக் காலக்கெடு இல்லை, கட்டணமும் இல்லை. "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று வரும் ஆட்கள் சட்டப்படி 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. அதையும் கொடுக்க வேண்டிய அவசியமில்லை, நீங்களே செய்துவிடலாம். இன்னொன்று: சொத்து மாநிலத்தின் கைக்குப் போகும் முன்பு கண்ட்ரோலர் அலுவலகம் உங்களுக்குக் கடிதம் அனுப்பும். அதை மோசடிக் கடிதம் என்று கிழித்துப் போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்தக் கட்டத்திலேயே சொத்தை வைத்திருக்கும் நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பேசினால் அது மாநிலத்துக்குப் போகாது.

இந்த வேலையை எவ்வளவு சுறுசுறுப்பாகச் செய்வது, எவ்வளவு தேடிப் போய் உரியவரிடம் ஒப்படைப்பது என்பதெல்லாம் அந்த நாற்காலியில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. நெருக்கடி வந்தால் அது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 2008-இல் பட்ஜெட் இழுபறியில் இருந்தபோது, கவர்னர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் சுமார் 2 லட்சம் மாநில ஊழியர்களின் சம்பளத்தை ஒரு மணி நேரத்துக்கு 6.55 டாலர் என்ற மத்தியக் குறைந்தபட்சக் கூலிக்குக் குறைக்க உத்தரவிட்டார். கண்ட்ரோலராக இருந்த ஜான் சியாங் மறுத்தார். சம்பளக் கணக்கு ஓடும் பழைய கணினி அமைப்பில் அப்படி மாற்றவே பல மாதம் ஆகும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. பின்னாளில் நீதிமன்றம் கவர்னருக்கு அந்த அதிகாரம் உண்டு என்றது. ஆனாலும் அன்றைக்கு அந்த வெட்டு நடக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 2009 ஜூலையில், கஜானாவில் ரொக்கம் போதவில்லை. கடனுக்கான தவணையும் பள்ளிகளுக்கான பணமும் முதலில் போயாக வேண்டும் என்பதால், வரி ரீஃபண்டுக்குக் காத்திருந்தவர்களுக்கும் பில் போட்டிருந்தவர்களுக்கும் சியாங் கடன் சீட்டு கொடுத்தார். சுமார் 2.6 பில்லியன் டாலருக்கு, 3.75 சதவீத வட்டியுடன். ஒரு வாரம் போனதும் பெரிய வங்கிகள் அந்தச் சீட்டை வாங்க மறுத்துவிட்டன. யாருக்குப் பணம், யாருக்குச் சீட்டு என்று சட்டத்தைப் பார்த்து வரிசைப்படுத்தியது கண்ட்ரோலர் அலுவலகம்தான்.

2010-இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் பெல் என்ற சின்ன ஊரின் நகர மேலாளர் ஆண்டுக்கு ஏறக்குறைய 8 லட்சம் டாலர் சம்பளம் எடுத்தது பத்திரிகையில் வந்தது. உழைக்கும் வர்க்கத்தினர் வாழும் ஊர் அது. கண்ட்ரோலர் அலுவலகம் அந்த நகராட்சியைத் தணிக்கை செய்தது. அதோடு மாநிலம் முழுக்க நகராட்சிகள், கவுண்டிகளின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சம்பள விவரங்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் போட்டது. உங்கள் ஊர் நகர மேலாளர் என்ன வாங்குகிறார் என்று இன்றைக்கும் அங்கே பார்க்கலாம். பாருங்கள்.

நிதி அதிகாரி தேர்தலைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் கதை, கவுண்டி அளவில் நடந்தது. 1994-இல் ஆரஞ்சு கவுண்டியின் ட்ரெஷரர் ராபர்ட் சிட்ரன். பல முறை ஜெயித்தவர். மற்ற கவுண்டிகளைவிட அதிக வட்டி ஈட்டிக் காட்டியவர். பள்ளி மாவட்டங்களும் நகராட்சிகளும் தங்கள் பணத்தை அவரிடம் கொடுத்து வைத்திருந்தன. அந்த 7.5 பில்லியனை அடகு வைத்துக் கடன் வாங்கி, 20 பில்லியனுக்கு மேல் பத்திரங்களில் போட்டார். வட்டி விகிதம் ஏறாது என்ற ஒரே நம்பிக்கையில் எல்லாம் நின்றது. அவரை எதிர்த்து நின்ற ஜான் மூர்லாக் ஒரு சிபிஏ, அதாவது உரிமம் பெற்ற கணக்காளர். இது ஆபத்து, பெரிய நஷ்டம் வரப்போகிறது என்று பிரசாரத்திலேயே சொன்னார். எழுதியும் கொடுத்தார். தேர்தலுக்காகப் பயம் காட்டுகிறார் என்று ஒதுக்கினார்கள். ஜூனில் சிட்ரன் சுலபமாக ஜெயித்தார். அந்த ஆண்டு முழுக்க அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை ஏற்றிக்கொண்டே போனது. டிசம்பர் 6 அன்று கவுண்டி திவால் மனு கொடுத்தது. நஷ்டம் 1.6 பில்லியன் டாலருக்கு மேல். அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் மூர்லாக்கையே உட்கார வைத்தார்கள்.

உண்மை அன்றைக்கே வாக்காளர் முன்னால் இருந்தது. படித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

நம் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு: 2014 ஜூன் முதல்கட்டத் தேர்தலில் கண்ட்ரோலர் பதவிக்கு சுமார் 40 லட்சம் ஓட்டு விழுந்தது. இங்கே கட்சி எதுவானாலும் முதல் இரண்டு பேர்தான் நவம்பருக்குப் போவார்கள். இரண்டாவது இடத்துக்கு பெட்டி யீ வந்தது, ஜான் பெரஸைவிட 481 ஓட்டு அதிகம் பெற்றதால். நவம்பரில் ஜெயித்து எட்டு ஆண்டு அந்தப் பதவியில் இருந்தார். அந்த ஜூனில் பதிவு செய்த வாக்காளர்களில் நாலில் ஒருவர்தான் ஓட்டே போட்டார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கிரீன் கார்டில் இருப்பவர்கள் இந்தத் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. வாகனத் துறையான டிஎம்வியில் லைசென்ஸ் எடுக்கும்போது குடியுரிமை பற்றிய கேள்வியைக் கவனமாகப் படியுங்கள். தவறுதலாக வாக்காளராகப் பதிவு செய்தால்கூடப் பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தில் பெரிய சிக்கலாகும்.

யாருக்குப் போடலாம் என்று நான் சொல்லப்போவதில்லை. நான் எதைப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்கிறேன். வாக்காளர் கையேட்டில் வேட்பாளர் எழுதியிருப்பதை முதலில் படிப்பேன். அதில் தணிக்கை, நிதி அறிக்கை, சம்பளக் கணினி அமைப்பு பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் நாட்டு அரசியல் மட்டும் இருந்தால், இந்தப் பதவியை அடுத்த பதவிக்குப் படியாக நினைக்கிறார் என்று எடுத்துக்கொள்வேன். கண்ட்ரோலராக இருந்த கிரே டேவிஸ் பிறகு கவர்னரானார். ஸ்டீவ் வெஸ்ட்லியும் ஜான் சியாங்கும் கவர்னர் பதவிக்கு முயன்றார்கள். அதில் தவறில்லை. ஆனால் இருக்கும் வேலை முதலில் நடக்க வேண்டும். தேர்தல் நன்கொடை யாரிடமிருந்து வந்தது என்றும் மாநிலத்தின் இணையதளத்தில் பார்ப்பேன். வரி வாரியத்திலும் ஓய்வூதிய நிதியிலும் காரியம் ஆக வேண்டியவர்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்களா என்று.

வேட்பாளர் யாராவது தமிழ்ச் சங்க நிகழ்ச்சிக்கோ கோயில் வளாகக் கூட்டத்துக்கோ வந்தால், படம் எடுத்துக்கொள்வதற்கு முன் இதைக் கேளுங்கள். 2022 ஜூன் 30-உடன் முடிந்த நிதியாண்டின் அறிக்கையை மாநிலம் 2024 மார்ச்சில்தான் வெளியிட்டது. புதுக் கணக்கு மென்பொருளுக்கு மாறியதும், வேலையில்லாதோர் உதவித்தொகைக் கணக்கு முடியாததும் காரணமாகச் சொல்லப்பட்டன. நம் வீட்டு வரிக் கணக்குக்கு ஏப்ரல் 15, நீட்டித்தால் அக்டோபர் 15. நீங்கள் வந்தால் மாநிலத்தின் அறிக்கை எந்த மாதம் வரும்? தாமதமானால் எந்தத் துறை காரணம் என்று பெயர் சொல்லி வெளியிடுவீர்களா? உங்கள் கட்சிக் கவர்னரின் துறையாக இருந்தாலும்?