பின்ஸ்ட்ரைப்: இழைக்கோடு

பைக்கின் டாங்கிலோ காரின் பக்கவாட்டிலோ நீளமாக ஓடும் மெல்லிய வண்ணக் கோட்டுக்கு ஆங்கிலத்தில் பின்ஸ்ட்ரைப் என்று பெயர். பின் என்றால் குண்டூசி. ஊசிப் பருமனில் கோடு ஓடும் கோட்-சூட் துணிக்கும் இதே பெயர்தான். இங்கிலாந்தில் காரில் போடுவதைக் கோச்லைன் என்பார்கள். குதிரை வண்டிக்குக் கோடு தீட்டிய காலத்துச் சொல். ரோல்ஸ் ராய்ஸ் கார்களுக்கு இன்றும் அதைத் தூரிகையால் போடுகிறார்கள். தூரிகையில் இருப்பது அணில் முடி.

அவ்வளவு தூரம் போவானேன்? சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் டாங்கில் பொன்னிறக் கோடு கையால் போட்டதுதான். முடி நீளமாகவும் பிடி குட்டையாகவும் உள்ள தூரிகையைப் பெயின்டில் தோய்த்து, ஒரு விரலை டாங்கின் மேல் ஊன்றிக்கொண்டு, ஒரே இழுப்பு. கை சற்று அழுத்தினாலும் கோடு தடித்துவிடும். கூர்ந்து பார்த்தால் தொடங்கிய இடமும் முடித்த இடமும் தெரியும்.

வினைல் என்ற பிளாஸ்டிக்கில் வரும் ஸ்டிக்கர் வேறு வேலை. கணினியில் வரைந்ததைப் பிளாட்டர் என்ற இயந்திரம் வெட்டித் தரும். சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டி, உள்ளே தங்கிய நீரைத் தகட்டால் தள்ளி, வளைவுகளில் சூடான காற்று ஊதும் ஹீட் கன் காட்ட வேண்டும். நூறு வண்டிக்கும் ஒரே அச்சு, விலையும் குறைவு. ஆனால் நகத்துக்கு விளிம்பு தட்டும்; பெட்ரோல் சிந்தினால் அங்கேதான் முதலில் கிளம்பும். வினைல் என்ற சொல்லின் வேர், லத்தீனில் திராட்சை மதுவைக் குறிக்கும் வீனம். சாராயத்தோடு வேதியியல் உறவு உண்டென்று 19ஆம் நூற்றாண்டில் வைத்த பெயர் ஸ்டிக்கர் கடை வரை வந்துவிட்டது!

சரி, தமிழில்? நுண்கோடு என்று சொல்லலாம், ஆனால் அது எந்தச் சின்னக் கோட்டுக்கும் பொருந்தும். என் தேர்வு இழைக்கோடு. மாக்கோலத்தில் ஒற்றை இழை, இரட்டை இழை என்கிறோமே, அங்கே இழை என்பது ஈரமாவைக் கையாலேயே இழுத்துவிட்ட கோடு. டாங்கில் நடப்பதும் அதுதான். பட்டறைக்காரர்கள் ‘லைன் போடுறது’ என்பார்கள், அதிலும் தப்பில்லை.

சுருளாக விற்கும் வினைல் நாடாவையும் கடைகளில் பின்ஸ்ட்ரைப் என்றே விற்கிறார்கள். அதை இழைக்கோடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒட்டுக்கோடு என்றால் போதும். படமாக இருந்தால் ஒட்டுப்படம், வண்டி முழுவதையும் போர்த்தும் ராப்புக்கு மேலுறை. வினைல் வேதிப்பெயர், அப்படியே இருக்கட்டும்.