டிஃபென்சிவ் பெசிமிசம்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளையிடம் பரீட்சைக்கு முன்னால் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "போச்சு, இந்தத் தடவை ஊத்திக்கும்" என்பாள். தோழிகளுக்கு எரிச்சல் வரும், நடிக்கிறாள் என்பார்கள். பெரும்பாலும் அது நடிப்பில்லை.

உளவியலில் இதற்கு டிஃபென்சிவ் பெசிமிசம் என்று பெயர். அமெரிக்க ஆய்வாளர்கள் ஜூலி நோரமும் நான்சி கேன்டரும் 1986-இல் எழுதிய கட்டுரையால் பரவிய சொல். பெசிமிசத்தின் வேர் 'பெஸ்ஸிமுஸ்' என்ற லத்தீன் சொல், பொருள் 'மிக மோசமானது'. பதற்றம் உள்ளவர் முதலில் எதிர்பார்ப்பைக் கீழே இறக்கிக்கொள்கிறார். அப்புறம் எதெல்லாம் தப்பாகப் போகலாம் என்று யோசிக்கிறார். ஹால் டிக்கெட்டை மறந்தால்? பேனா எழுதாமல் போனால்? படிக்காத பாடத்திலிருந்து பெரிய கேள்வி வந்தால்? ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி செய்துவைத்துவிடுகிறார். எதிர்பார்ப்புதான் குறைகிறது, உழைப்பு குறைவதில்லை. இவர்களிடம் போய் 'ரிலாக்ஸாக இரு' என்பது வீண். 1996-இல் ஸ்பென்சரும் நோரமும் டார்ட் எறியவைத்துச் சோதித்தபோது, மனதைத் தளர்த்தும் கற்பனையைவிட, தவறுகளையும் அவற்றைத் திருத்துவதையும் கற்பனை செய்தபோதே இவர்கள் நன்றாக எறிந்தார்கள்.

பெர்ஃபெக்‌ஷனிசம் (எதிலும் குறையே இருக்கக் கூடாது என்ற பிடிவாதம்) இதற்கு நேர் எதிர் போலத் தோன்றும். அதன் லத்தீன் வேருக்கு 'முழுக்கச் செய்து முடித்தல்' என்று பொருள். (முடிக்கவே முடியாமல் திண்டாடுகிறவர்களுக்கு இந்தப் பெயர்!) 1991-இல் ஹியூயிட்டும் ஃப்ளெட்டும் இதை மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடம் குறையின்மையை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் அதை எதிர்பார்ப்பதாக நம்புவது. பதற்றத்தோடு நெருங்கிய உறவு மூன்றாவதற்குத்தான். இரண்டும் ஒருவரிடமே சேரலாம்: 'ஊத்திக்கும்' என்று வாய் சொல்லும், மனசு நூற்றுக்கு நூறு கேட்கும். அப்படிப்பட்டவர் கையில் இந்த உத்தி கெட்டுப்போகிறது என்பது என் எண்ணம். தப்பாகப் போகக்கூடியவற்றின் பட்டியல் நீண்டுகொண்டே போகும், போதும் என்று நிறுத்த ஆளில்லை.

சரி, தமிழ்ச்சொல்? பெர்ஃபெக்‌ஷனிசத்துக்குப் 'பூரணத்துவம்' என்கிறார்கள். அது நிலையைச் சொல்கிறது, அதன்மேல் உள்ள ஏக்கத்தைச் சொல்வதில்லை. 'முழுநிறைவு நாட்டம்' மேல். டிஃபென்சிவ் பெசிமிசத்தைத் 'தற்காப்பு அவநம்பிக்கை' என்றால், யாரையோ சந்தேகப்படுவதுபோல ஒலிக்கிறது, முன்னேற்பாடும் விட்டுப்போகிறது. குறளில் 'அஞ்சுவது அஞ்சல் அறிவார் தொழில்' என்பதற்கு (428) அடுத்த குறளே 'எதிரதாக் காக்கும் அறிவினார்' என்று தொடங்குகிறது. பயமும் முன்னேற்பாடும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டையும் சேர்த்து 'அஞ்சி முன்காத்தல்' என்று சொல்லலாம்.