கெர்னல் மாட்யூலுக்கு ஃபோர்ஸ் போடாதீர்கள்

மறுபடியும் ஒரு லினக்ஸ் போர்டு வந்திருக்கிறது. பூட் ஆகவில்லை, எஸ்டி கார்டில் ஃபைல் சிஸ்டம் சிதைந்து கிடக்கிறது. என்ன செய்தீர்கள் என்று கொண்டுவந்தவரைக் கேட்டால், "பெரிதாக ஒன்றும் இல்லை சார், டிரைவர் மாட்யூல் ஏற மறுத்தது, ஃபோர்ஸ் கொடுத்தேன், ஏறிவிட்டது" என்கிறார். ஏறியதுதான் பிரச்சினையே. கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி; மாட்யூல் என்பது ஓடும்போதே அதில் ஏற்றி இறக்கக்கூடிய துண்டு; ஃபோர்ஸ் என்றால் கெர்னலின் சோதனையை மீறிக் கட்டாயப்படுத்துவது.

பெரும்பாலும் கதை ஒன்றுதான். அப்டேட்டில் கெர்னல் மாறியிருக்கும். தனியாகக் கம்பைல் செய்து வைத்திருந்த மாட்யூல் பழைய கெர்னலுக்கானது. ஏற்றும் கட்டளையான இன்ஸ்மாட் கொடுத்தால் 'இன்வேலிட் மாட்யூல் ஃபார்மேட்' என்று வரும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி டவுன்லோட் செய்கிறார்கள். ஃபைலுக்கு ஒரு கேடும் இல்லை. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜின் கடைசி வரிகளைப் பாருங்கள்: மாட்யூலின் வெர்மேஜிக் (எந்தக் கெர்னலுக்காகக் கம்பைல் ஆனது என்ற முத்திரை) 6.1.21, ஓடுகிற கெர்னல் 6.6.31. காரணத்தை அதுவே சொல்லிவிடுகிறது.

அடுத்து வருவதுதான் எனக்கு எரிச்சல் மூட்டும் வாதம். "எண் மட்டும்தானே வேறு, கோடு அதேதானே?" இல்லை. லினக்ஸ் கெர்னல், தன் உள் அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறாது என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கம்பைல் ஆகும்போது, ஒரு ஸ்ட்ரக்சரில் (தரவுத் தொகுப்பில்) குறிப்பிட்ட ஃபீல்டு 40ஆவது பைட்டில் இருக்கிறது என்பது மாட்யூலுக்குள் எண்ணாகவே பதிந்துவிடும். புதிய கெர்னலில் அதற்கு முன்னால் ஒரு பாயின்டர் (நினைவக முகவரி) சேர்ந்தால், 64 பிட் போர்டில் அது 8 பைட் என்பதால் அந்த ஃபீல்டு 48க்கு நகர்ந்துவிடும். உங்கள் மாட்யூலோ இன்னும் 40இல்தான் எழுதும். அங்கே இப்போது இருப்பது வேறு ஏதோ ஒன்று. உடனே கெர்னல் விழுந்தால் அதிர்ஷ்டம். விழாமல் நாள் முழுக்க ஓடி, குப்பையைக் கார்டில் எழுதிவைத்தால்தான் ஆபத்து. வெர்மேஜிக் சோதனை இதைத் தடுக்கத்தான் இருக்கிறது. ஓடுகிற கெர்னலின் ஹெடர்களை (அதன் உள் அமைப்பை விவரிக்கும் ஃபைல்களை) வைத்து மறுபடி கம்பைல் செய்யுங்கள்; ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அது சலிப்பாக இருந்தால் அதைத் தானாகவே செய்யும் டிகேஎம்எஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கும்போதும் இதே அவசரம். இறக்கும் கட்டளையான ஆர்எம்மாட் 'மாட்யூல் இஸ் இன் யூஸ்' என்றால் உடனே ஃபோர்ஸ். பல கெர்னல்களில் அந்த வசதியே அணைக்கப்பட்டிருக்கும், அது நல்லதுதான். இயக்கப்பட்டிருந்தால், டைமரோ இன்டரப்டோ இன்னும் கூப்பிடுகிற கோடு நினைவகத்திலிருந்து காணாமல் போகும், அப்புறம் ஊப்ஸ் என்ற கெர்னல் பிழைதான். யார் பிடித்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். எல்எஸ்மாட் பட்டியலில், மாட்யூலைப் பயன்படுத்துவதாகக் காட்டும் பெயர்கள் மற்ற மாட்யூல்களுடையவை மட்டுமே. பயன்பாட்டு எண்ணிக்கை 1, பெயர் எதுவும் இல்லை என்றால் அநேகமாக ஏதோ ஒரு புரோகிராம் டிவைஸ் ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது. எந்த புரோகிராம் என்று, திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் சொல்லிவிடும். அதை மூடிவிட்டு மாட்யூலை ஏற்றவும் இறக்கவும் உதவும் மாட்புரோப்பின் ரிமூவ் வழியாக இறக்குங்கள்.

பிழை இல்லாமல் மாட்யூல் ஏறியும் சென்சார் பேசவில்லையா? ஏறுவது வேறு, புரோப் (டிரைவர் தன் டிவைஸோடு இணைவது) நடப்பது வேறு. போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் சென்சாருக்கான நோடின் ஸ்டேட்டஸ் 'டிஸேபிள்டு' ஆக இருக்கிறதா, கம்பேட்டிபிள் என்ற பெயர் டிரைவரில் உள்ளதோடு எழுத்து எழுத்தாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். மாட்யூலை ஏற்றி இறக்கி ஏற்றிக்கொண்டே இருப்பதால் டிவைஸ் ட்ரீ மாறாது. இன்னொன்று, பிளாக்லிஸ்டில் ஒரு மாட்யூலின் பெயரைச் சேர்ப்பது, அது தானாக ஏறுவதைத்தான் தடுக்கும். நீங்களே பெயர் சொல்லி மாட்புரோப் கொடுத்தால் ஏறத்தான் செய்யும். "பிளாக்லிஸ்ட் வேலை செய்யவில்லை" என்று வரும் புகார்களில் பாதி இதுதான்.

தயவுசெய்து, உதவி கேட்கும்போது திரையைப் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். யூநேம் (கெர்னல் பதிப்பு), மாட்இன்ஃபோ (மாட்யூல் விவரம்), டிமெஸ்ஜ் மூன்றின் வெளியீட்டையும் முழுசாக டெக்ஸ்டாக அனுப்புங்கள். ஃபோர்ஸ் போட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். கெர்னலின் டெயின்ட் மதிப்பில், அதாவது இப்படிப்பட்ட தலையீடுகளைக் குறித்துவைக்கும் எண்ணில், கட்டாயமாக ஏற்றியதற்கு 2, கட்டாயமாக இறக்கியதற்கு 8 சேர்ந்திருக்கும். ரீபூட் செய்யும்வரை அது அழியாது, நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.