கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பு: பிரசவ ரத்தத்தை அளப்பது ஏன் உயிர் காக்கிறது?

கர்ப்பம், பிரசவம் சார்ந்த காரணங்களால் 2023இல் மட்டும் உலகத்தில் சுமார் 2,60,000 பெண்கள் இறந்திருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு 700 பேருக்கு மேல். அதில் நேரடிக் காரணங்களில் முதலிடம், பிள்ளை பிறந்த பிறகு நிற்காமல் போகும் ரத்தத்துக்குத்தான். பெண்கள், குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் நலத்துக்காக 2015இல் ஐநா ஒரு உலகளாவிய திட்டம் வெளியிட்டது, 2016 முதல் 2030 வரைக்குமானது. அதே ஆண்டு நாடுகள் ஏற்றுக்கொண்ட வளர்ச்சி இலக்குகளில், உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 70க்கும் குறைவான தாய் மரணம் என்பதும் ஒன்று. 2023 கணக்குப்படி நாம் நிற்கும் இடம் 197.

இந்த மாதிரி அறிக்கைகளைப் படித்தால் எனக்குத் தூக்கம்தான் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த முயற்சிகளின் நடுவே சமீபத்தில் வந்த ஒரு முடிவு தூக்கத்தைக் கலைத்தது. அதில் புது மருந்து இல்லை, புது எந்திரம் இல்லை. பழைய மருந்துகளும், கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பும்தான். அது எப்படி வேலை செய்கிறது என்று புரிய, முதலில் கர்ப்பப்பை எப்படி ரத்தத்தை நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும்.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கும் இடத்தில் தாயின் ரத்தக் குழாய்கள் கர்ப்பத்தின்போதே அகன்று, தங்கள் சுவரில் இருக்கும் தசையையும் பெரும்பாலும் இழந்துவிடும். நஞ்சுக்கொடிக்கு ரத்தம் தங்குதடையில்லாமல் போக அது வசதி. ஆனால் குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிய்ந்து வந்ததும் அந்தக் குழாய்களின் வாய் திறந்தபடி நிற்கும், தானாகச் சுருங்கிக்கொள்ளத் தசையும் இருக்காது. கையில் வெட்டுப்பட்டால் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது போல இங்கே நடக்க நேரம் கிடையாது, பாய்ச்சல் அவ்வளவு வேகம்.

அதனால் உடம்பு வேறு வழி வைத்திருக்கிறது. கர்ப்பப்பையின் தசை நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன, ரத்தக் குழாய்கள் அந்தப் பின்னலின் கண்களுக்குள் நுழைந்து போகின்றன. தசை சுருங்கினால் ஒவ்வொரு கண்ணும், சுருக்குப்பையின் கயிற்றை இழுத்த மாதிரி, உள்ளே போகும் குழாயை நெரித்து மூடிவிடும். ரத்தம் உறைவதெல்லாம் அதற்குப் பிறகுதான். பிரசவம் ஆனதும் நர்ஸ் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்: கர்ப்பப்பை கெட்டியாக உருண்டையாகத் தட்டுப்பட்டால் நல்லது, தொளதொளவென்று இருந்தால் குழாய்கள் திறந்திருக்கின்றன. பிரசவ உதிரப்போக்கில் பத்தில் ஏழு இப்படித் தசை தளர்ந்து போவதால் வருவது. மிச்சம் கிழிசல், நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளேயே தங்கிவிடுவது, உறைதல் கோளாறு.

தசையைச் சுருங்க வைக்கும் ஹார்மோன் ஆக்சிடோசின், ஒன்பதே அமினோ அமிலங்கள் கொண்ட சின்ன மூலக்கூறு. அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டூ விக்னோ 1953இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தார், 1955இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்படியென்றால் எழுபது வருடமாகக் கையில் மருந்து இருக்கிறது. பிறகும் ஏன் இத்தனை பேர் சாகிறார்கள்?

ஒரு காரணம் குளிர்பெட்டி. ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில், வெயிலில் வண்டியில் வந்த மருந்து வீரியம் குறைந்திருக்கலாம், புட்டியைப் பார்த்தால் தெரியாது. இதற்கு இரண்டு பதில்கள் வந்தன. ஒன்று மிசோப்ரோஸ்டால் மாத்திரை, குளிர்பெட்டியும் வேண்டாம், ஊசி போடத் தெரிந்தவரும் வேண்டாம். கர்நாடகத்தின் பெல்காம் பகுதியில் கிராமத் துணைச் செவிலியர்களை வைத்து 1,620 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது: உதிரப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாகக் குறைந்தது. குளிரும் காய்ச்சலும் வரும், அது அதன் தொல்லை. இன்னொன்று வெப்பம் தாங்கும் கார்பெட்டோசின். 10 நாடுகளில் கிட்டத்தட்ட 30,000 பெண்களிடம் சோதித்ததில், உதிரப்போக்கைத் தடுப்பதில் ஆக்சிடோசினுக்குச் சளைத்ததில்லை என்று 2018இல் தெரிந்தது. 30 டிகிரி சூட்டிலும் வருடக்கணக்கில் கெடாது.

இன்னொரு மருந்தின் கதை கொஞ்சம் வருத்தமானது. ஜப்பானைச் சேர்ந்த உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும் 1962இல் டிரானெக்ஸாமிக் அமிலத்தைப் பற்றி எழுதினார்கள். உறைந்த ரத்தம் என்பது ஃபைப்ரின் என்ற நார்வலை. அந்த வலையைக் கரைக்கவும் உடம்பில் ஒரு நொதி உண்டு, அது வலையில் லைசின் இருக்கும் இடங்களைப் பிடித்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். இந்த அமிலம் லைசினைப் போலவே இருப்பதால் நொதியின் பிடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது, வலை பிழைக்கிறது. பிரசவத்தில் சாகும் பெண்களுக்கு இது உதவும் என்று உடாகோ அப்போதே நினைத்தார், ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க மகப்பேறு மருத்துவர்களைச் சம்மதிக்க வைக்க அவரால் முடியவில்லை. கடைசியில் 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் ஆய்வு நடந்து 2017இல் முடிவு வந்தது: பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் வரும் மரணம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மூன்று மணி தாண்டினால் பலனில்லை. உடாகோ 2016இலேயே இறந்துவிட்டார்.

சரி, மருந்துகள் இருக்கின்றன. எல்லாமே சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். சீக்கிரம் கொடுக்க, ரத்தம் அதிகமாகப் போகிறது என்று முதலில் யாருக்காவது தெரிய வேண்டுமே. உண்மையான ஓட்டை அங்கேதான் இருந்தது என்பது என் எண்ணம்.

500 மில்லிக்கு மேல் போனால் அது உதிரப்போக்கு என்பது பாடப்புத்தகக் கணக்கு. அந்த 500ஐ எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகத்தான்! ரத்தம் துணியில் ஊறும், தரையில் சிந்தும், பனிக்குட நீரோடும் சிறுநீரோடும் கலக்கும். பெல்காமிலேயே, இடுப்புக்கடியில் விரித்து ரத்தத்தைப் புனல் போன்ற பையில் சேர்க்கும் அளவுகோல் போட்ட விரிப்பைக் கண் மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கண் மதிப்பீடு மூன்றில் ஒரு பங்கு குறைவாகச் சொன்னது. அனுபவம் இருந்தால் சரியாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் இது திறமைக் குறைவு இல்லை. பரந்து கிடக்கும் திரவத்தின் அளவைக் கண்ணால் சொல்வது யாருக்கும் வராத வேலை.

நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் காட்டிக்கொடுக்காதா? அதுவும் ஏமாற்றும். கர்ப்பத்தில் பெண்ணின் ரத்தம் 40 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கும், வயதும் இளசு, உடம்பு ஈடுகட்டிக்கொண்டே வரும். ஒரு லிட்டர் போன பிறகும் பேசிக்கொண்டிருப்பார், பிரஷர் சரியாகவே இருக்கும். அப்புறம் திடீரென்று சரிவார். அந்த நேரத்தில் ஓடி வந்து பலனில்லாமல் போன பிரசவங்கள் எத்தனையோ.

இதைச் சரிசெய்ய எடுத்த முயற்சிதான் இ-மோட்டிவ். பிரிட்டனின் பர்மிங்காம் பல்கலைக்கழகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் சுமார் 80 மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு. மொத்தம் 2,10,132 பெண்கள். ஒரு பாதி மருத்துவமனைகளில் கோடு போட்ட விரிப்பு. முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். ரத்தம் 500 மில்லிக் கோட்டைத் தொட்டாலோ, 300ஐத் தாண்டி வேறு ஏதாவது அறிகுறி சரியில்லை என்றாலோ உடனே இறங்க வேண்டும்: கர்ப்பப்பையை மசாஜ் செய்வது, ஆக்சிடோசின், டிரானெக்ஸாமிக் அமிலம், சலைன், கிழிசல் இருக்கிறதா என்று பரிசோதனை, தேவைப்பட்டால் மேல் உதவிக்கு அழைப்பு. இதற்கு முன்பும் இவையெல்லாம் செய்தார்கள்தான், ஆனால் ஒன்றைச் செய்து, காத்திருந்து, நிற்கவில்லை என்றால் அடுத்தது. இங்கே எல்லாம் ஒரே மூச்சில். சாமான் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கும், சாவி தேடி ஓட வேண்டாம்.

மற்ற பாதி மருத்துவமனைகளில் வழக்கமான கவனிப்பு. அங்கேயும் விரிப்பு இருந்தது என்பதுதான் ஆய்வின் சாமர்த்தியம். கோடு மட்டும் கிடையாது, சேர்ந்த ரத்தத்தைப் பிறகு எடைபோட்டுக் கணக்கெடுத்தார்கள். அதாவது கண்ணெதிரே பையில் ரத்தம் சேர்ந்துகொண்டிருந்தும் உதிரப்போக்கு வந்த பெண்களில் பாதிப் பேரைத்தான், 51 சதவீதம், கண்டுபிடித்தார்கள். கோடு போட்டுப் பயிற்சியும் கொடுத்த இடங்களில் 93 சதவீதம். முழுச் சிகிச்சையும் கிடைத்தவர்கள் கோடு இல்லாத இடங்களில் 19 சதவீதம், கோடு போட்ட இடங்களில் 91.

பலன்: ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போவது, அதற்காக வயிற்றைத் திறந்து அறுவை செய்வது, ரத்தப்போக்கால் இறப்பது ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் 4.3 சதவீதத்திலிருந்து 1.6ஆகக் குறைந்தார்கள். 2023இல் வெளியான இந்த எண்ணைப் பார்த்து மகப்பேறு உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும்: குறைவில் பெரும்பங்கு முதல் வகையில்தான். மரணத்தை மட்டும் தனியாக எடுத்து உறுதியாகச் சொல்ல எண்ணிக்கை போதவில்லை. கோடு மட்டுமே செய்த மாயம் என்று சொல்லவும் முடியாது, பயிற்சி, பெட்டி, ஒவ்வொரு மருத்துவமனையிலும் இதற்கென்று பொறுப்பெடுத்த ஆள் எல்லாம் சேர்ந்த பொட்டலம் அது. ஆனால் கோடு இல்லாமல் அந்தப் பொட்டலத்தை எப்போது பிரிப்பது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

2025இல் உலக சுகாதார நிறுவனம் புது வழிகாட்டுதல் வெளியிட்டது. 500 வரை காத்திருக்க வேண்டாம், அளந்த ரத்தம் 300 மில்லியைத் தொட்டு நாடியோ அழுத்தமோ மாறியிருந்தால் அப்போதே தொடங்கு என்கிறது.

இத்தனையும் பிரசவ அறைக்குள் நடப்பது. அந்த 300 மில்லி எல்லாப் பெண்ணுக்கும் ஒன்றில்லை. ஹீமோகுளோபின் 12 இருப்பவர் சமாளிக்கும் அளவு, 7 இருப்பவரைச் சாய்த்துவிடும். பாகிஸ்தான், நைஜீரியா, தான்சானியா, ஜாம்பியாவில் ரத்தசோகையுள்ள 15,000 பெண்களுக்கு டிரானெக்ஸாமிக் அமிலத்தை உதிரப்போக்கு வரும் முன்பே கொடுத்துப் பார்த்தார்கள், அது தடுக்கவில்லை. பிரசவ நேரத்தில் வந்து சரிசெய்ய முடியாத விஷயம் சோகை. இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்குச் சோகை, 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கிறார்களே நீல நிற இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றைப் புரட்டுகிறது என்று பிள்ளைகள் ஜன்னல் வழியாக எறிவதும் உண்டு, அந்த மாத்திரை பத்து வருடம் கழித்து வரப்போகும் பிரசவத்துக்கான தயாரிப்பும்தான். தாய், குழந்தை, வளரிளம் பருவம் மூன்றையும் ஒரே திட்டத்தில் கட்டியிருப்பது ஏதோ அறிக்கை எழுதுவோரின் ஆசை என்று முன்பு நினைத்தால், இங்கே அதற்கு உடலியல் ரீதியாகவே காரணம் இருக்கிறது.

இனி இருப்பது சலிப்பான வேலைகள். விரிப்பு ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப் போடுவது, விலை குறைவுதான் என்றாலும் ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒன்று வேண்டும், யாராவது தொடர்ந்து வாங்கித் தர வேண்டும். மருந்து தரமாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். முதல் சிகிச்சையில் நிற்காதவர்களுக்கு ரத்த வங்கியும் அறுவை அரங்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அப்புறம், 15 நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்றால் ராத்திரி ஷிப்டில் ஒரே நர்ஸ் ஐந்தாறு தாய்மார்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது நடக்காது.