சாரதி கடைசியாக எப்போது தூங்கினார் என்று கேட்டீர்களா?

கடந்த மாதம் ஒரு நாள் காலை ஏழேகால் மணியளவில் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. களுவாஞ்சிகுடிப் பக்கத்தைச் சேர்ந்த, முன்பே அறிமுகமான ஒருவர் பேசினார். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த தமது தங்கையின் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கவிலிருந்து நேரே நுவரெலியாவுக்குப் புறப்பட்ட வேன், புசல்லாவையைக் கடந்து றம்பொடைக்குச் சற்று முன்னே வீதியோரக் கானுக்குள் இறங்கி நிற்கிறது என்றும், மாற்று வாகனம் ஒன்றை உடனே ஒழுங்குசெய்து தர முடியுமா என்றும் கேட்டார். வேன் மலைப் பக்கத்துக் கானுக்குள் இறங்கியதால் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். அம்மம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. அதே வளைவில் மற்றப் பக்கம் சாய்ந்திருந்தால், வந்திருக்கக்கூடிய அழைப்பு வேறு.

மட்டக்களப்பில் வாடகை வேன் ஓட்டியும், இப்போது நான்கு வேன்களை வைத்துப் பயணங்களை ஒழுங்குசெய்தும் வாழ்பவன் நான். இந்த ஆண்டில் இப்படி எனக்கு வந்த மூன்றாவது அழைப்பு இது. மூன்றிலும் வாகனம் நல்ல வாகனம், வீதி காய்ந்த வீதி, சாரதி குடிக்காதவர். மூன்றிலும் சாரதி தூங்கிவிட்டார்.

அந்தச் சாரதியோடு பின்னர் பேசினேன். பொறுப்பான பிள்ளை, மறைக்காமல் சொன்னார். முதல் நாள் விடிய 4.45 மணிக்கு எழும்பியிருக்கிறார். காலையில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, பகல் ஒன்றரைக்கு மறுபடியும் வீடுகளில் சேர்த்து, சாப்பிட்டுவிட்டு இரண்டரைக்கு அதே வேனில் புறப்பட்டு, வெலிக்கந்தை, ஹபரணை, குருநாகல் வழியாக இரவு ஒன்பதரைக்குக் கட்டுநாயக்கவை அடைந்திருக்கிறார். 12.40க்கு இறங்க வேண்டிய விமானம் 2.10க்கு இறங்கியது. குடும்பம் பயணப்பொதிகளோடு வெளியே வரும்போது மூன்றேகால். உடனே மலைக்குப் புறப்பட்டார்கள். வேன் கானுக்குள் இறங்கியபோது அவர் விழித்தெழுந்து 26 மணிநேரம் கடந்திருந்தது.

இதைச் சொன்னதும், அந்த வேனை ஒழுங்குசெய்தவரும் காலையில் என்னை அழைத்தவருமான மாமா என்னிடம் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: “என்ன தம்பி, ஒன்பதரைக்கே போய்ச் சேந்திட்டார்தானே, மூணு மணி வரைக்கும் வேனுக்குள்ள படுத்திருப்பார்தானே?”

வேனுக்குள் படுத்திருப்பார் என்ற இந்த ஒரு வாக்கியத்தைப் பதினெட்டு வருடங்களாகக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. படுத்திருப்பது வேறு, தூங்குவது வேறு. கட்டுநாயக்க வாகனத் தரிப்பிடத்தில் இஞ்சினை நிறுத்தினால் குளிரூட்டியும் நின்றுவிடும். கண்ணாடியை ஏற்றினால் புழுங்கும், இறக்கினால் நுளம்பு வரும். தலைக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பக்கத்தில் நிற்கும் வாகனங்கள் வந்தும் போயும் கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டிலிருப்பவர்கள் அரைமணிக்கு ஒருமுறை அழைத்து “பிளைட் இறங்கிட்டா?” என்று கேட்பார்கள். அன்றிரவு அந்தச் சாரதியின் கைபேசியில் பதினொரு அழைப்புகள் பதிவாகியிருந்தன. அவற்றில் ஏழு அந்த மாமாவுடையவை. எழுப்பிக்கொண்டே இருந்துவிட்டுத் தூங்கியிருப்பார் என்று கணக்குப் போடுவது எந்த ஊர் நியாயம்?

அடுத்ததாக வருவது, சாரதிகள் பழகியவர்கள், ஒரு தேத்தண்ணி குடித்தால் சரியாகிவிடும் என்ற பேச்சு. தூக்கத்துக்குப் பழக்கம் என்று ஒன்று இல்லை. தொடர்ந்து 24 மணிநேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.10 சதவீத மதுசாரம் உள்ளவருடைய நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்பது ஆய்வுகளில் அளந்து பார்க்கப்பட்ட விடயம். நமது நாட்டில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லையே 0.08 சதவீதம்தான். சாராய வாடை வீசும் சாரதியைக் கண்டால் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிடுகிற நாம், அவரைவிட மோசமான நிலையில் இருப்பவரிடம் “கொஞ்சம் கெதியாப் போங்க, ஹோட்டலில காலைச் சாப்பாடு முடிஞ்சிடும்” என்று சொல்கிறோம். தேநீரும் கோப்பியும் கொஞ்ச நேரத்துக்குக் கண்ணைத் திறந்து வைத்திருக்கும், தூக்கக் கடனை அடைக்காது. விடியப் புறத்தில், நான்குக்கும் ஆறுக்கும் இடையில், எந்த மனித உடலும் தூக்கத்தையே கேட்கும். கட்டுநாயக்கவிலிருந்து மூன்று மணிக்குப் புறப்படும் வாகனம் மலையில் ஏறத் தொடங்குவது அதன் முடிவில்தான். கம்பளையில் விடிந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்கிறார்கள். வெயில் முகத்தில் பட்டதும் கண் சொருகிய சாரதிகளை நான் அறிவேன். ஒருமுறை நானே அப்படி ஆனேன். கடுகண்ணாவை ஏற்றத்தில் வாகனத்தை ஓரமாக நிறுத்தி, ஏறியிருந்த குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டு, முக்கால் மணிநேரம் உறங்கிவிட்டுத்தான் மேலே போனேன். அவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அதன் பிறகு என்னை அழைக்கவும் இல்லை.

கிலோமீற்றர் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டுநாயக்கவிலிருந்து நுவரெலியா ஏறத்தாழ 170 கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்க ஏறத்தாழ 300 கிலோமீற்றர். இதைப் பார்த்துவிட்டு, முந்நூறு ஓடியவருக்கு நூற்றெழுபது என்ன பெரிய தூரம் என்று கேட்கிறார்கள். நமது பக்கத்து வீதி நேரானது, தட்டையானது. அதுவும்கூட யானை குறுக்கிடும் புணானை, வெலிக்கந்தைப் பகுதிகளும், 2023 ஜூலையில் பேருந்து ஒன்று ஆற்றுக்குள் விழுந்து பலர் இறந்த மன்னம்பிட்டிப் பாலமும் உள்ள வீதி. மலை வீதியோ கண்டியில் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலிருந்து நுவரெலியாவின் 1,868 மீற்றர் வரை வளைந்து வளைந்து ஏறுவது. பேராதனையிலிருந்து எழுபது, எண்பது கிலோமீற்றருக்கு இரண்டரை மணிநேரம் வைக்க வேண்டும்; முன்னால் ஒரு கொழுந்து லொறி போனால் மூன்று. மொத்தப் பயணத்துக்கு ஐந்திலிருந்து ஆறு மணிநேரம் என்று நான் சொன்னால், கைபேசி வரைபடம் நான்கரை காட்டுகிறதே என்று வாதாடுகிறார்கள். வரைபடத்துக்குப் பிள்ளை வாந்தி எடுப்பதும் தெரியாது, அம்மம்மா சலகூடம் தேடுவதும் தெரியாது.

பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை, பிபிலை, மகா ஓயா வழியாக வரும் ஏ5 வீதி நமது செங்கலடியில் வந்துதான் முடிகிறது. அதனால்தானோ என்னவோ நம்மவர்களுக்கு அந்த வீதி வீட்டு முற்றம்போலத் தோன்றுகிறது. அதே வீதியில் கொத்மலை கரண்டியெல்லப் பகுதியில் 2025 மே மாதம் விடியற்காலையில் பேருந்து கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் மற்றொரு பேருந்து பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். செய்தி வந்த வாரம் எல்லோரும் என்னிடம் பிரேக் பற்றியும் டயர் பற்றியும் கேட்டார்கள், அடுத்த மாதமே “ராவோட ராவா ஏறிடலாமா?” என்று கேட்டார்கள்.

ஆகவே, தயவுசெய்து, இரவு விமானத்தில் வருபவர்கள் அன்றிரவே மலைக்கு ஏறாதீர்கள். நீர்கொழும்பிலோ சீதுவையிலோ ஒரு சாதாரண அறை எடுத்துத் தூங்கிவிட்டு, காலை ஆறரைக்குப் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு நுவரெலியாவில் இருக்கலாம். சாரதிக்கும் ஓர் அறை எடுங்கள்; அதற்கு ஆகும் பணம், நீங்கள் சூரிச்சிலோ ரொறன்ரோவிலோ வாங்கிவரும் சொக்லேட்டின் விலையைவிடக் குறைவு. அறை எடுக்க முடியாத நிலை என்றால், நமது ஊரிலிருந்து வாகனம் வேண்டாம். நீர்கொழும்பிலோ கண்டியிலோ இருந்து, அன்று பகல் தூங்கியெழுந்த சாரதியோடு ஒரு வாகனம் பிடியுங்கள். மலை முடிந்து ஊருக்கு வரும்போது வேண்டுமானால் நம் வாகனம் பதுளைக்கு வந்து உங்களை ஏற்றிக்கொள்ளும். என்னிடம் கேட்பவர்களுக்கும் நான் இதையே சொல்கிறேன். எனக்கு ஒரு ஹயர் குறையும், அவ்வளவுதான்.

திகதிக் குழப்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயணச்சீட்டில் 14ஆம் திகதி 00.40 என்று இருந்தால், சாரதி 13ஆம் திகதி இரவே விமான நிலையத்தில் நிற்க வேண்டும். “14ஆம் திகதி ராத்திரி” என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, ஒரு நாள் முழுவதும் பிள்ளைகளோடு வருகை மண்டபத்தில் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். பயணச்சீட்டைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். விமான இலக்கம் தெரிந்தால் தாமதத்தைச் சாரதியே பார்த்துக்கொள்வார். ஏழுமுறை அழைக்கத் தேவையில்லை.

பயணப்பொதி பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழு பேர், ஆளுக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி என்றால் 322 கிலோ. ஒன்பது பேர் அமரும் கேடிஎச் வேனில் ஏழு பேர் ஏறிய பிறகு பதினான்கு பெரிய பெட்டிகளுக்கு இடமில்லை. “மேல கட்டிடலாம்” என்கிறார்கள். கூரையில் முந்நூறு கிலோவைக் கட்டிக்கொண்டு தட்டை வீதியில் போவதே தவறு. றம்பொடை வளைவுகளில் அந்தப் பாரம் வாகனத்தை வெளிப்புறமாகச் சாய்க்கும். மலைக்குத் தேவையான இரண்டு பைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஊருக்குப் போகும் வாகனம் எதிலாவது அனுப்பிவிடுங்கள். நுவரெலியாவில் பிள்ளைகளுக்குச் சுவெட்டர் தேவைப்படும். அந்தச் சுவெட்டர் எப்போதும் அடியிலுள்ள பெட்டியில்தான் இருக்கும் என்பது என் அனுபவம்.

வாகனத்தைப் பற்றிக் கேட்க வேண்டியவை இரண்டே இரண்டு. ஒன்று, காப்புறுதி வாடகைப் பாவனைக்கு எடுக்கப்பட்டதா என்பது. தனிப்பட்ட பாவனைக்கு எடுத்த காப்புறுதியோடு ஹயருக்கு ஓடும் வாகனம் விபத்துக்குள்ளானால் இழப்பீடு கேட்கும்போது கையை விரித்துவிடுவார்கள். விலை குறைவாகச் சொல்லும் சில வாகனங்களின் இரகசியம் இதுதான். மற்றது, அந்தச் சாரதி மலை வீதியில் எத்தனை முறை ஓடியிருக்கிறார் என்பது. ஏறுவதை எவரும் ஏறிவிடுவார்கள். இறங்கும்போது கியரைக் குறைத்து இஞ்சினால் பிடிக்கத் தெரியாமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருபவருக்கு, கடைசியில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். நானுஓயா ரதல்லைக் குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் ஏழு உயிர்களைக் கொண்டுபோன விபத்துக்குப் பிறகும், நேரம் மிச்சம் என்று அந்த இறக்கத்தைக் கேட்பவர்கள் உண்டு. இறங்கும்போது எரிந்த நாற்றம் வந்தால் வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள், நிறுத்தச் சொல்லுங்கள். சாரதி கோபித்தால் கோபிக்கட்டும்.

காலநிலையிலும் நம்மவர்கள் நமது வானத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். வெளிநாட்டுப் பாடசாலை விடுமுறை வரும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் மட்டக்களப்பில் மண் வெடிக்கும் வெயில். அதே நாட்களில் தென்மேற்குப் பருவமழை கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன் பக்கத்தில் கொட்டிக்கொண்டிருக்கும். பயணத்துக்கு முதல் நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகள். மஞ்சளில் இரவில் போகாதீர்கள். செம்மஞ்சளில் பகலிலும் போகாதீர்கள். சிவப்பு என்றால் அங்குள்ளவர்களையே வெளியேறச் சொல்கிறார்கள். நீங்கள் உள்ளே போக என்ன இருக்கிறது? 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைப் புரட்டிப்போட்டபோதுகூட, ஹோட்டலுக்குக் கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது என்று என்னிடம் சண்டை பிடித்தார் ஒருவர். வீதி நிலையை அறிய அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் இருக்கிறது. ஏதும் நடந்துவிட்டால் அம்புலன்சுக்கு 1990.

கடைசியாக, ஹோட்டலைப் பதிவுசெய்யும்போது சாரதிக்குப் படுக்கை உண்டா என்று கேளுங்கள். பல பெரிய ஹோட்டல்களில் சாரதிகளுக்கென அறையும் சாப்பாடும் இருக்கின்றன. இணையத்தில் பிடிக்கும் சின்னச் சின்ன வீடுகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. நீங்கள் மூன்று போர்வைக்குள் படுத்திருக்கும்போது, ஜனவரிக் குளிரில் வேனுக்குள் உட்கார்ந்து விடியவிட்டவர்தான் காலையில் உங்களை இறக்கிக்கொண்டு வருகிறார். அம்மம்மாவின் கையில் மாவுக்கட்டுப் போட்ட பிறகு அந்தக் குடும்பத்தை ஊருக்குக் கொண்டுவந்தது என் வேன்தான். வாடகை பேசும்போது சாரதியின் அறைக்கு என்று தனியாக ஒரு தொகையைச் சொன்னேன். அந்த மாமா இம்முறை பேரம் பேசவில்லை.