தண்டவாளம் ஒன்று, கப்ளர் வேறு

பெரிய அளவு மாடல் ரயில்களில் பெரும்பாலானவை 45 மி.மீ. அகலத் தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. அதனால் எந்தக் கம்பெனி பெட்டியையும் எந்த என்ஜினோடும் கோத்துவிடலாம் என்றுதான் வாங்கும்போது தோன்றும். சக்கரமெல்லாம் சரியாக உட்காரும், பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளர் மட்டும் கோக்காது.

காரணம், தண்டவாளம் ஒன்றாக இருந்தாலும் எந்த ரயிலை எத்தனை மடங்கு சுருக்கினார்கள் என்பது ஒன்றாக இல்லை. நிஜ ரயிலின் 1435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜை (கேஜ் என்றால் தண்டவாளத்தின் அகலம்) 32 மடங்கு சுருக்கினால் ஏறக்குறைய 45 மி.மீ. வரும், மூன்றடி அகல நேரோ கேஜை 20.3 மடங்கு சுருக்கினாலும் அதே 45தான். 1968-ல் வந்த எல்ஜிபி என்ற ஜெர்மன் மாடல் ரயில் பிராண்ட், மீட்டர் கேஜ் ரயில்களை 22.5 மடங்கு சுருக்கியது. போதாததற்கு, அமெரிக்க ஸ்டாண்டர்ட் கேஜ் பெட்டிகளையே 29 மடங்கு மட்டும் சுருக்கி, கொஞ்சம் பெரிதாகச் செய்தவர்களும் உண்டு.

இது கப்ளரை எங்கே பாதிக்கிறது என்று பாருங்கள். நிஜ அமெரிக்க சரக்குப் பெட்டியில் கப்ளரின் மையம் தண்டவாளத்துக்கு மேல் அதிகபட்சம் 34.5 அங்குலம், அதாவது 876 மி.மீ. உயரத்தில் இருக்கலாம். அதை 32-ஆல் வகுத்தால் 27.4 மி.மீ., 29-ஆல் வகுத்தால் 30.2 மி.மீ. இரண்டு பெட்டிகளும் அளவு பிசகாமல் செய்யப்பட்டவைதான், ஆனாலும் பக்கத்தில் நிறுத்தினால் கிட்டத்தட்ட 3 மி.மீ. ஏற்ற இறக்கம்.

இந்த அமெரிக்கப் பெட்டிகளில் இருக்கும் நக்கிள் கப்ளர் இரண்டு கைகளின் விரல்களை மடக்கிக் கோத்த மாதிரி பிடிக்கிறது: இழுத்தால் வராது, ஆனால் ஒன்றை மேலே தூக்கினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். உயர வித்தியாசம் இருந்தால் முகத்தின் ஒரு பகுதிதான் ஒன்றையொன்று தொடும், ஏற்றம் தொடங்கும் இடத்திலோ தண்டவாள இணைப்பு தாழ்ந்த இடத்திலோ அதுவும் விட்டுப்போய் ரயில் இரண்டாகப் பிரியும். எல்ஜிபியின் கொக்கி-வளைய முறை வேறு ரகம். ஸ்பிரிங் வைத்த கொக்கி எதிர்ப்பக்க வளையத்துக்குக் கீழே போய் மேலெழும்பிப் பிடிக்கும். அதை நக்கிளோடு நேரடியாகக் கோக்க வழியே இல்லை.

சரி, என்ன செய்யலாம்? முதலில் அளக்க வேண்டும். சமதளத் தண்டவாளத்தில் பெட்டியை நிறுத்தி, தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து கப்ளர் முகத்தின் நடுப்பகுதி வரை அளந்து, ஏதாவது ஒரு உயரத்தை உங்கள் ரயில் முழுவதற்கும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். கப்ளர் உயர்ந்திருந்தால் அதன் பெட்டகத்துக்கும் பெட்டியின் அடித்தளத்துக்கும் நடுவே பிளாஸ்டிக் துண்டு வைத்து இறக்கலாம். தாழ்ந்திருந்தால் போகி (பெட்டிக்குக் கீழே சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டம்) திரும்பும் ஸ்க்ரூவில் வாஷர் போட்டுப் பெட்டியையே கொஞ்சம் தூக்கலாம். ஆனால் ரொம்பத் தூக்கினால் பெட்டி வளைவில் ஆடும்.

உயரம் சரியானாலும், போகியில் மாட்டிய கப்ளரும் அடித்தளத்தில் மாட்டிய கப்ளரும் கலந்தால் பிரச்சினை போகாது. போகியோடு சேர்ந்து திரும்பும் கப்ளர் குறுகிய வளைவில் சுகமாகப் போகும், ஆனால் பின்னோக்கித் தள்ளும்போது அந்த விசை போகியையே பக்கவாட்டில் திருப்பிச் சக்கரத்தைத் தண்டவாளத்தின் மேல் ஏற்றிவிடும். அடித்தளக் கப்ளர் தள்ளுவதைத் தாங்கும், ஆனால் 60 செ.மீ. ஆரமுள்ள வளைவில் நீளமான பெட்டியின் முனை வெளியே தள்ளிப்போய் அடுத்த பெட்டியைப் பக்கவாட்டில் இழுக்கும்.

எல்லாப் பெட்டியையும் மாற்ற மனமில்லையா, ஒரு பக்கம் கொக்கி-வளையம், மறுபக்கம் நக்கிள் என்று ஒரே ஒரு வேகனை மாற்றிவிடுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் சிறந்த வழி, பழைய பெட்டிகளில் ஓட்டை போட வேண்டாம். அந்த வேகன் கனமாக இருக்கட்டும், ஏனென்றால் என்ஜினுக்கு அடுத்து லேசான வேகனும் அதற்குப் பின்னால் கனமான ரயிலும் இருந்தால் வளைவில் அது உள்பக்கமாகக் கவிழும். அப்புறம், எப்போதும் சேர்ந்தே ஓடும் பெட்டிகளுக்குக் கப்ளரே வேண்டாம், ஒரு கம்பித் துண்டு போதும்.

முடித்ததும் முன்னோக்கி இழுத்து மட்டும் பார்க்காதீர்கள். இடதும் வலதுமாக அடுத்தடுத்து வளையும் இடத்தில் முழு ரயிலையும் மெதுவாகப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள், மிச்சமிருக்கும் கோளாறு அங்கேதான் தெரியும்.